எதுவும் கிடைக்கவில்லை

எனக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்று நான் நம்பத் தொடங்கியது ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, முற்பகல் பதினொன்றரை மணிக்கு. நேரத்தோடு சொல்கிறேன், கவனியுங்கள். மறதிக்காரிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

அன்று எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அச்சகக்காரர் வந்திருந்தார். ஒன்பது வருடங்களுக்கு முன் அவருடைய நிலத்தை நான்தான் அளந்து வரைபடம் போட்டுக் கொடுத்தேன். இப்போது பக்கத்து நிலத்துக்காரர் சுவர் எழுப்புகிறாராம், இரண்டடி உள்ளே வந்துவிட்ட மாதிரி தெரிகிறதாம், பழைய வரைபடத்தின் நகல் வேண்டும் என்றார். "ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றேன். அந்த நிலம் எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருந்தது. வடகிழக்கு மூலையில் பாதி இடிந்த தண்ணீர்த் தொட்டி, அதன் விரிசலில் முளைத்த ஒரு செடி. கணினியில் 'இடிந்த தண்ணீர்த் தொட்டி' என்று தட்டினேன். 'எதுவும் கிடைக்கவில்லை' என்றது. 'தொட்டி' என்று மட்டும் தட்டினேன். அதே பதில். 'விரிசல்', 'செடி', 'வடகிழக்கு' என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கணினி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அச்சகக்காரர் சுவரில் இருந்த கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

எதிர் மேசையிலிருந்து என் தம்பி எழுந்து வந்தான். "எனக்கு என்னமோ ஆயிடுச்சுடா" என்றேன். "விடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னான். அந்த மெதுவான குரலை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். அம்மாவிடம் பேசும்போது அவனுக்கு அந்தக் குரல் வரும்.

நானும் தம்பியும் நில அளவையாளர்கள். மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். இரண்டு மேசை, வரைபடம் அச்சடிக்கும் அகலமான இயந்திரம் ஒன்று, மூலையில் சாத்தி வைத்த, அளவைக் கருவி நிறுத்தும் முக்காலிகள், ஜன்னலில் காயும் சேற்றுக் காலணிகள். அவ்வளவுதான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அவனுக்கு ஐம்பத்தொன்று. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை, யாரும் தேட வேண்டாம். அவனுக்கு மனைவியும் கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வரைபடத்திலும் தலைமை அளவையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்க வேண்டும். நிலத்தின் நான்கு எல்லையையும் என் காலால் நடந்து பார்க்காமல் அந்தக் கையெழுத்தை நான் போட்டதே கிடையாது. முட்டி வலித்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி.

எங்கள் இருவருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதுதான் அது. நான் பெயரே வைக்க மாட்டேன், எண்தான். அளந்த தேதி, அன்றைக்கு அது எத்தனையாவது வேலை, அவ்வளவே. கோப்புக்குள் வரைபடத்தோடு ஒரு பக்கக் குறிப்பு எழுதிவிடுவேன்: சாய்ந்த சுவர், இரும்புக் கதவு, மேற்கே குப்பை மேடு, நாய் துரத்தியது என்றெல்லாம். தேவைப்படும்போது அதில் ஒரு சொல்லைத் தட்டினால் கணினியே கோப்புக்குள் புகுந்து படித்து எடுத்துக் கொடுத்துவிடும். நிலத்துக்காரர் விற்றுவிடுவார், தெருவின் பெயர் மாறிவிடும், சாய்ந்த சுவர் சாய்ந்தபடியே இருக்கும் என்பது என் வாதம். தம்பி நேர் எதிர். அவன் கோப்புகளுக்கு 'மாவுமில்காரர் நிலம் தெற்குப் பக்கம் கடைசி திருத்தியது புதுசு இரண்டு' என்கிற மாதிரிப் பெயர் இருக்கும். படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

புத்தாண்டு முடிந்த கையோடு கணினியில் இடம் நிறைந்துவிட்டது. ஒன்பதாம் தேதி நான் ஒரு குவாரி ஓரத்தில் வெயிலில் நின்று அளந்துகொண்டிருந்தபோது தம்பி ஆளைக் கூப்பிட்டு எல்லாக் கோப்புகளையும் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த கிடங்குக்கு, மாற்றிவிட்டான். "உனக்கு ஒண்ணும் மாறாதுக்கா. எல்லாம் இருந்த இடத்துலயேதான் தெரியும்" என்றான். அப்படித்தான் தெரிந்தது. கோப்புகளின் எண்கள் வரிசையாக அதே இடத்தில் நின்றன. திறந்தால் திறந்தது. தேடினால் மட்டும் வரவில்லை.

ஏன் கணினி மேல் சந்தேகப்படவில்லை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. தம்பியின் கோப்புகள், என் கணினியிலேயே, தட்டிய நொடியில் வந்து நின்றன. என்னுடையவையும் அடியோடு வராமல் போகவில்லை. போன வாரம் திறந்து பார்த்தது வந்துவிடும், மூன்று வருடத்துக்கு முந்தியது வராது. திங்கட்கிழமை ஞானியாக இருப்பேன், செவ்வாய்க்கிழமை விழிப்பேன். அம்மாவும் அப்படித்தான் ஆரம்பித்தாள். ஒரு நாள் எல்லாம் தெளிவாகப் பேசுவாள், மறுநாள் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்பாள். அப்போது அவளுக்கு அறுபத்தொன்று. எனக்கு இன்னும் மூன்று வருடம்தான் பாக்கி.

அம்மாவை நாங்கள் இருவரும் ஆறு வருடம் முறை போட்டுப் பார்த்துக்கொண்டோம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விடாமல் காவல் இருப்பது என எல்லாம். அவள் போன பிறகு ஒரு நாள், அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது தம்பியிடம் கேட்டேன்: "டேய், எனக்கு இப்படி வந்தா எனக்கே தெரியாது. உனக்குத்தான் முதல்ல தெரியும். மறைக்காம சொல்லிடுவியா?" அவன் கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்றேன்க்கா. மூடி மறைக்க மாட்டேன்" என்றான். இந்த உலகத்தில் என் மூளையைப் பற்றி நான் நம்பத் தயாராக இருந்த ஒரே வாய் அவனுடையது.

ஆகவே பிப்ரவரியில் அவனிடமே போய் நின்றேன். அதற்குள் பத்துத் தடவையாவது 'எதுவும் கிடைக்கவில்லை' பார்த்திருந்தேன். "சொல்லுடா. எனக்கு ஆரம்பிச்சிடுச்சா?" என்றேன். அவன் பேனாவை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா. கொஞ்ச நாளா கவனிச்சிட்டுதான் இருக்கேன்."

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அவன் மேல் ஒரு நன்றியும் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினானே என்று.

அதற்குப் பிறகு அவன் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினான். மாத்திரை வைக்கக் கிழமை எழுதிய டப்பா வாங்கி வந்தான். என் மேசை இழுப்பறைகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டினான். தன் வீட்டுக் கீழ் அறையைக் காலி செய்து, குளியலறையில் பிடித்துக்கொள்ள கம்பி வைத்தான். மார்ச் பதினேழாம் தேதி மூளை மருத்துவரிடம் அழைத்துப் போனதும் அவன்தான். மருத்துவர் படம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், ஐந்து சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாம் செய்தேன். "டெஸ்ட்ல பெருசா ஒண்ணும் தெரியல. ஆனா கூட இருக்கறவங்க சொல்றதுதான் எங்களுக்கு முக்கியம்" என்று தம்பியின் பக்கம் திரும்பினார். தம்பி எதையும் மிகைப்படுத்தாமல், தேதி தேதியாக, பதினான்கு சம்பவங்களைச் சொன்னான். மருத்துவர் தலையசைத்துக்கொண்டே எழுதிக்கொண்டார். மறப்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று என்னை அனுப்பினார்.

கையெழுத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று நானேதான் சொன்னேன். என் மறதியால் ஒருவருடைய வீட்டு வாசல் இன்னொருவருக்குப் போய்விட்டால்? "அவசரமே இல்லக்கா" என்றான் தம்பி. மறுநாள் காலையில் படிவம் அச்சாகி என் மேசையில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தான். ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் உரிம அலுவலகத்துக்குப் போய் அதிகாரி முன்னால் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு தலைமை அளவையாளர் அவன். நான் வீட்டில் இருக்க வேண்டியவள்.

அதற்கு முந்திய புதன்கிழமை தம்பி வெளியே வேலைக்குப் போயிருந்தான். போகிற காலத்தில் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது. இருபத்தாறு வருடத்து எண்களை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான், பாவம். எல்லாவற்றையும் ஒரு டிஸ்கில் போட்டு, உள்ளே இருக்கும் குறிப்புகளை அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும். அதனால் வயர்காரரைக் கூப்பிட்டேன். எங்கள் கட்டடத்துக்கு முதன்முதலில் இணைய வயர் இழுத்தவர் அவர். இன்று கணினிக்கு என்ன வந்தாலும் அவர்தான் வருகிறார், பெயர் மட்டும் வயரிலேயே நின்றுவிட்டது. ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும்.

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார், கணினியில் கோப்புகள் இருந்த பெட்டியைத் திறந்தார், சிரித்தார்.

"என்ன மேடம், இன்னும் இப்படியேவா வச்சிருக்கீங்க? எப்படி வேலை செய்றீங்க இதுல?"

"எப்படி?"

"எல்லாமே மேகமா இருக்கே." ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இருந்த குட்டி மேகப் படத்தைச் சுட்டினார். மூன்று மாதமாகப் பார்க்கிறேன், அலங்காரத்துக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். "இந்தப் படம் இருந்தா ஃபைல் இங்க இல்லன்னு அர்த்தம். வாசல்ல பேர்ப்பலகை மட்டும் இருக்கு, வீட்டுக்குள்ள ஆள் இல்ல. நீங்க தேடினா சிஸ்டம் பலகையைத்தான் படிக்கும். உள்ள போய்ப் படிக்க அங்க என்ன இருக்கு? எப்பவாவது திறந்தீங்கன்னா அது கீழ இறங்கி வரும், அது மட்டும் தேடினா கிடைக்கும். உங்க தம்பிக்குப் பிரச்சனை இல்ல, அவர் பேர்லயே முழுக் கதையும் எழுதிடுவாரு. நீங்க நம்பர்தான் போடுவீங்க. உங்களுக்கு ஒண்ணுமே வராதே."

எனக்குக் காதுக்குள் சத்தம் வந்தது. மெத்தைக் கடையில் யாரோ எதையோ தட்டுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அது என் நெஞ்சுதான்.

"ஒண்ணுமே வராது" என்று நான் திருப்பிச் சொன்னேன்.

"வராது. அதான் அன்னிக்கே உங்க தம்பிகிட்ட சொன்னேனே. இடம் பத்தலன்னு அப்போதைக்கு மாத்தி வச்சேன். பெரிய டிஸ்க் ஒண்ணு போட்டு, ரெண்டே ரெண்டு டிக் வச்சா போதும், அக்கா ஃபைல் எல்லாம் பழைய மாதிரி தேடலாம்னு. தாள்ல எழுதியே குடுத்தேன். டிஸ்க்கும் மறு வாரமே கொண்டுவந்து மாட்டிட்டேன். டிக்கை நாங்களே வச்சுக்கறோம்னு சொன்னாரு."

மறந்திருப்பான் என்று நினைத்தேன். கூடப் பிறந்தவனுக்காக மனசு எவ்வளவு வேகமாக ஓடுகிறது பாருங்கள். வேலை மேல் வேலை, தாளை எங்கோ வைத்திருப்பான், மறதி எனக்கு மட்டுமா சொந்தம் என்று நானே அவனுக்கு வக்கீலாக நின்றேன். வயர்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பேசிக்கொண்டே போனார்.

"எனக்கே மனசு கேக்காம போன மாசம் ஃபோன் பண்ணினேன் மேடம். அக்கா அந்தச் சிஸ்டத்தை வச்சு எப்படிச் சமாளிக்கிறாங்க, டிக் வச்சீங்களான்னு கேட்டேன். 'அவங்களுக்கு இப்ப பழகிடுச்சு, நீங்க வர வேண்டாம்'னு சொல்லிட்டாரு."

"என்னைக்குப் பண்ணினீங்க?"

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் கை நின்றது. "ஏன் மேடம்?" என்றார். "சும்மாதான், பாருங்க" என்றேன். அவர் தன் ஃபோனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மார்ச் பதினேழு. பதினொண்ணு இருபதுக்கு."

பதினேழாம் தேதி பதினொன்று இருபதுக்கு நாங்கள் மருத்துவர் அறைக்கு வெளியே, நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரே ஒருவர் இருந்தார். தம்பியின் ஃபோன் அடித்தது. அவன் திரையைப் பார்த்தான், எழுந்து லிஃப்ட் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தான். யாரென்று கேட்டேன். "சும்மா, வேலை விஷயம்" என்றான். என் கை சில்லிட்டிருப்பதைப் பார்த்து அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டான். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். உள்ளே போய்ப் பதினான்கு சம்பவங்களைத் தேதியோடு சொன்னான்.

கோபம் வந்தது என்று சொல்லத்தான் ஆசை. முதலில் வந்தது வெட்கம். யார் முன்னாலோ துணியில்லாமல் மூன்று மாதம் நடந்திருக்கிறேன், கூட வந்தவன் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான் என்கிற மாதிரி. வயர்காரர் இருப்பதால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்த ரெண்டு டிக்கை இப்ப வச்சிடுங்க" என்றேன்.

அவர் வைத்தார். எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து 'எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு' என்பதில் ஒன்று. கணினி எந்தெந்தப் பெட்டிகளைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற பட்டியலில் எங்கள் பெட்டிக்கு எதிரே ஒன்று. இவ்வளவுதான். மேகங்கள் ஒவ்வொன்றாகப் பச்சை வட்டமாக மாறின. கணினி எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்து முடிக்க இரண்டு மூன்று மணி நேரமாகும் என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

திரையின் மூலையில் எண்ணிக்கை ஏறியது. நானூறு, ஆயிரத்து நூறு, இரண்டாயிரத்து எண்ணூறு. சாப்பிடப் போகவில்லை. எண்ணிக்கை நின்றதும் பையிலிருந்து மருத்துவர் எழுதச் சொன்ன நோட்டை எடுத்தேன். ஜனவரியில் நடந்ததையும் சேர்த்து என் மறதிகள் தேதி வாரியாக அதில் இருந்தன, மொத்தம் இருபத்து மூன்று. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். 'இடிந்த தண்ணீர்த் தொட்டி' என்று தட்டினேன். விரல் எடுப்பதற்குள் வந்து நின்றது. உள்ளே நான் எழுதியிருந்தேன்: வடகிழக்கு மூலையில் பாதி இடிந்த தண்ணீர்த் தொட்டி, விரிசலில் ஒரு செடி. அடுத்தது 'வளைந்த வேலி'. வந்தது. 'இரட்டைக் கதவு, ஒன்று நீலம்'. வந்தது. ஒரு சொல் பிசகவில்லை. அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு. மதியம் மூன்று மணிக்கு, காலியான அலுவலகத்தில், ஒரு கிழவி கணினியில் குப்பை மேட்டைத் தேடி எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இருபத்து மூன்றில் இருபத்தொன்று கணினியுடையது. மீதி இரண்டு என்னுடையது: அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்தது, மாடி வீட்டு அம்மாள் பெயர் நாக்கு நுனியில் நின்றது. அந்த அம்மாள் பெயர் யாருக்குத்தான் நினைவிருக்கும்.

ஐந்து மணிக்குத் தம்பி வந்தான். சேற்றுக் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, "சாப்டியாக்கா? மாத்திரை போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான். நான் திரையை அவன் பக்கம் திருப்பினேன். பச்சை வட்டங்களைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். யார் வந்தது, எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றேன்.

"முதல்லயே."

"அச்சகக்காரர் வந்தாரே, அன்னிக்கே?"

"அன்னிக்கு நிஜமாவே சொல்லத்தான் வந்தேன்க்கா. அதுக்குள்ள நீயே, 'எனக்கு என்னமோ ஆயிடுச்சு'ன்ன. சாயங்காலம் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் மறுநாள்னு விட்டேன்."

"அப்புறம்?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "அந்த அறுபது மனை வேலை வந்துச்சு."

எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்கு வெளியே அறுபது மனைகளாகப் பிரிக்கும் பெரிய வேலை. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து வரைந்துவிடலாம், மூன்று வாரத்தில் முடித்துக் கொடுங்கள் என்று கட்டடக்காரர் கேட்டார். அறுபதையும் நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் பேச்சையே முடித்துவிட்டேன். அது பிப்ரவரி முதல் வாரம். நான் தம்பியிடம் போய் நின்று கேட்டதற்கு நான்கு நாள் முன்பு.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா. கையெழுத்தைக் குடுக்கான்னு நேரா."

"நீ குடுக்க மாட்ட."

"கேட்டியா?"

"கேட்டா சண்டை வரும்க்கா. ஒரு மாசம் பேச மாட்ட. உன்கூட சண்டை போட எனக்குப் பிடிக்காது."

அவன் இதைக் காதில் பூ சுற்றுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவனுக்கு உண்மையிலேயே என்னோடு சண்டை போடப் பிடிக்காது. அதற்குப் பதில் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று நானே நம்பினால் பரவாயில்லை என்று இருந்திருக்கிறான். ஆறு வருடம் அம்மாவுக்கு ஊட்டிய கை அது. அவள் அவனைப் பார்த்து, 'இந்த ஆள் யாரு, வெளிய போகச் சொல்லு' என்று கத்திய ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து விம்மியவன். அந்த நோய் என்னவென்று உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் அவ்வளவு நன்றாகத் தெரியும். தெரிந்தே அதை எடுத்து என் தலையில் வைத்தான்.

"நான் பொய்யா எதையும் உண்டாக்கலக்கா" என்றான். "ஃபைல் கிடைக்காதது நிஜம். நீ தேடினது நிஜம். டாக்டர்கிட்ட சொன்னதெல்லாம் நடந்ததுதான்."

"'கவனிச்சிட்டுதான் இருக்கேன்'னு சொன்னியே, அது?"

அவன் பேனாவை எடுத்தான், மூடியைத் திறந்தான், மூடினான்.

"அம்மா துணியை மடிச்சிட்டு உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நகத்தில் சேறு காய்ந்திருந்தது. ஐம்பத்தொரு வயது ஆள் தோள் குலுங்க அழுவதைப் பார்க்க நன்றாக இல்லை. வேறொரு நாளாக இருந்தால் எழுந்து போய் முதுகைத் தடவியிருப்பேன். அன்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். எழுந்து போகத் தோன்றியது என்பதையும் மறைக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை?" என்றான்.

"போட மாட்டேன். டாக்டரை நாளைக்கே பாக்கப் போறேன். நீயும் வர்ற. அன்னிக்குச் சொன்ன பதினாலையும் ஒண்ணொண்ணா எடுத்து இது கம்ப்யூட்டர், இதுவும் கம்ப்யூட்டர்னு அவர் முன்னால சொல்ற. உன் பொண்டாட்டி, பொண்ணுங்க, மெத்தைக் கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. அவங்ககிட்டயும் சொல்ற."

"ஏன் மறைச்சேன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

தலையாட்டினான். எழுந்தவன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இழுப்பறைகளில் அவன் ஒட்டிய சீட்டுகளை நகத்தால் கிள்ளி ஒவ்வொன்றாகப் பிய்த்தான். பசை விடவில்லை, பாதி கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"உனக்கு ஒண்ணும் இல்லக்கா. நீ நல்லாத்தான் இருக்க. சத்தியமா."

மூன்று மாதமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் தவித்தேன். யார் சொன்னாலும் செல்லாது, இவன் வாயால் வர வேண்டும் என்று கிடந்தேன். இப்போது வந்துவிட்டது. இருபத்தொரு கோப்புகள் திரையில் சாட்சியாக வரிசையில் நின்றன. அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையைத்தான் சொல்கிறான் என்று புத்திக்குத் தெரிந்தது. பிப்ரவரியில் பேனாவை மூடி மூடித் திறந்தபோதும் அவனுக்கு இதே முகம்தான்.

இன்னும் மூன்று வருடத்திலோ முப்பது வருடத்திலோ உண்மையாகவே அது வந்தால், எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்க இருந்தவன் ஒருவன்தான், அவன் என் எதிரில் நின்று சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "சரி, நீ கிளம்பு" என்றேன்.